பேச்சே இல்லாத இருநூற்றுப் பதினான்கு அழைப்புகள்

அந்த வட்டாரத்தில் அவளை எல்லாரும் லிஃப்ட் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட இருபது வயது மூத்தவர்களும் அப்படித்தான். வயது நாற்பத்தேழு. அதில் இருபத்திரண்டு வருடம் லிஃப்ட் பழுது பார்ப்பதிலேயே போயிருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கட்டடத்துக்குப் போய் நின்றபோது, "மெக்கானிக் எப்பம்மா வருவாரு?" என்று கேட்டார்கள். "வந்தாச்சு" என்று சொல்லிவிட்டுக் கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒன்பது மாடி ஏறிப் போனாள். அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்தில் யாரும் அப்படிக் கேட்கவில்லை.

அவள் வேலை பார்த்தது சின்னக் கம்பெனி. மூன்று மெக்கானிக்குகள், ஒரு மேனேஜர், அறுபத்து மூன்று லிஃப்டுகள். ஒவ்வொரு லிஃப்டுக்குள்ளும் பொத்தான்களுக்கு மேலே ஒரு மஞ்சள் ஸ்டிக்கர். 'உள்ளே மாட்டிக்கொண்டால் அழைக்கவும்' என்று போட்டு அதன் கீழ் ஒரு எண். அது அவளுடைய சொந்தக் கைப்பேசி எண். பதினோரு வருடத்துக்கு முன் ஆபீஸ் போன் கெட்டுப்போனபோது, "ஒரு வாரத்துக்கு மட்டும் உங்க நம்பரைப் போட்டுக்கறேம்மா" என்றார் மேனேஜர். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை.

அதனால் போன் எங்கே எப்போது அடித்தாலும் அவள் ஒரே மூச்சில் சொல்வாள்: "லிஃப்ட் சர்வீஸ், பயப்படாதீங்க, எந்தக் கட்டடம், எந்த மாடி?" யார் அழைக்கிறார்கள் என்று பார்க்கிற வழக்கமே போய்விட்டது. ஒருநாள் அவளுடைய நாத்தனார், "நான் எந்த மாடியிலயும் இல்ல அண்ணி, வீட்டு சோபாவுல உக்காந்திருக்கேன், பயமெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று பதில் சொன்னதை வைத்துக் குடும்பமே ஒரு மாதம் சிரித்தது.

அந்த முதல் அழைப்பு ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று பத்துக்கு வந்தது. திரையில் எண் இல்லை. அதில் அவளுக்கு ஆச்சரியமும் இல்லை. அவள் பார்க்கிற இரண்டு பெரிய கட்டடங்களில் லிஃப்டுக்குள் இருக்கும் போன் கட்டடத்தின் பொது இணைப்பு வழியாகத்தான் வரும்; அந்த எண் திரையில் விழாது. வழக்கம்போல் ஆரம்பித்தாள். அந்தப் பக்கம் பேச்சே இல்லை. மூச்சு மட்டும் கேட்டது.

மாட்டிக்கொண்டவர் மயங்கிக் கிடக்கிறார் என்று நினைத்துவிட்டாள்.

"நான் பேசுறது கேக்குதா? ஒண்ணும் ஆகாது. லிஃப்ட் கீழே விழாது, அதுக்குத் தனி பிரேக் இருக்கு. பேச முடியலைன்னா போனை ஒரு தட்டுத் தட்டுங்க. நான் லைன்லயேதான் இருக்கேன்."

ஆறு நிமிடம் பேசினாள். தட்டும் இல்லை, முனகலும் இல்லை. பிறகு இணைப்பு அறுந்தது. கையில் இருந்த வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, கட்டடம் கட்டடமாகக் காவலாளிகளுக்குப் போன் போட்டு, மத்தியானம் மூன்று மணிவரை அலைந்தாள். எந்த லிஃப்டிலும் யாரும் மாட்டியிருக்கவில்லை.

மறுநாள் இரண்டு அழைப்பு. அடுத்த வாரம் ஒரு நாளைக்கு ஆறேழு. எல்லாமே பகலில், வேலை நேரத்தில். பத்து நாள் ஆன பிறகுதான் யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள் என்பது அவளுக்கு உறைத்தது.

அவளுடைய கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தார். மற்றவர்களின் மூக்குக்கும் காதுக்கும் ஏற்றபடி கண்ணாடி ஃப்ரேமை வளைத்துக் கொடுப்பது அவர் வேலை. அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். அவருக்கே கோபம் வந்து, விளையாட்டுச் சாமான் கடையிலிருந்து ஒரு விசில் வாங்கிக்கொண்டு வந்தார்.

"அடுத்த தடவை வந்தா பேசாதே. காதுல வெச்சு ஒரே ஊது. அதோட அவன் ஜென்மத்துக்கும் போனைத் தொட மாட்டான்."

"ஏங்க, உள்ள மாட்டிக்கிட்ட யாராவது நிஜமா கூப்பிட்டு, நான் அவங்க காதுல விசிலடிச்சா?"

அவர் விசிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேசை இழுப்பறையில் போட்டார்.

மேனேஜரிடம் சொன்னாள். "எண் தெரியாத அழைப்பையெல்லாம் எடுக்காம விட்டுடுங்க" என்றார். அந்த இரண்டு கட்டடங்களில் மாட்டிக்கொள்கிறவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டாள். அவர் பேனாவால் காதைச் சொறிந்துகொண்டு, "அதுவும் வாஸ்தவம்தான்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போனார்.

போலீஸ் நிலையத்துக்குப் போவதா வேண்டாமா என்று அவள் நான்கு நாள் யோசித்தாள். என்னவென்று போய்ச் சொல்வது? திட்டவில்லை, மிரட்டவில்லை, அசிங்கமாக ஒரு வார்த்தை பேசவில்லை. சும்மா இருப்பது ஒரு குற்றமா? கடைசியில் ஒரு வியாழக்கிழமை, போகிற வழிதானே என்று வேலை உடுப்போடேயே உள்ளே நுழைந்தாள்.

முன்மேசையில் இருந்த பெண் அதிகாரிக்கு வயது முப்பத்தைந்து இருக்கும். மேசையில் ஒரு தடிமனான பதிவேடும் பாதி குடித்த டீயும் இருந்தன. லிஃப்ட் அக்கா சொன்னதை அவர் சிரிக்காமல் கேட்டார். அதுவே அவளுக்குப் பாதி பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

"மேடம், தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன். பேசாம இருந்தா அது குற்றமாகுமா?"

"ஒரு தடவை வந்தா ஆகாது. யாரோ தப்பா அடிச்சிருக்கலாம். ரெண்டு மூணு வந்தாக்கூட நிச்சயமா சொல்ல முடியாது. ஆனா ஒரே ஆள், உங்களைத் தொந்தரவு பண்ணணும்னே திரும்பத் திரும்ப அடிச்சா, அது குற்றம்தான். வாயைத் திறக்கணும்னு அவசியமே இல்ல. உங்க நம்பர் அவசரத்துக்கு உள்ள நம்பர் வேற. அதைப் பெரிசா எடுத்துக்குவாங்க."

"அப்போ பிடிச்சிடலாமா?"

"எண் மறைஞ்சிருக்கறது உங்களுக்குத்தான். போன் கம்பெனிக்கு மறையாது. ஆனா நாங்க கேட்டாத்தான் குடுப்பாங்க, நாங்க கேக்கறதுக்கு ஒரு ஆதாரம் வேணும். ஒரு நோட்டுப் போடுங்க. தேதி, நேரம், எவ்வளவு நேரம் லைன்ல இருந்தாங்க, என்ன சத்தம் கேட்டுது, எல்லாம். ஒரு வாரத்துக்கு எழுதிட்டு வாங்க. அதுவரைக்கும் திட்டாதீங்க, கெஞ்சாதீங்க. நீங்க பேசப் பேச அவங்களுக்குச் சுவாரசியம் ஏறும்."

"எங்க வீட்டுக்காரர் விசில் வாங்கி வெச்சிருக்காரு."

அதிகாரி முதல் தடவையாகச் சிரித்தார். "அது வேண்டாம். காது கேக்காமப் போச்சுன்னு அந்த ஆள் உங்க மேலயே புகார் குடுப்பான். அப்புறம் நான் உங்க வீட்டுக்காரரைத் தேடி வரணும்."

அன்றைக்கே அவள் ஒரு சின்ன நோட்டு வாங்கி மேல்சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். எழுத ஆரம்பித்த பிறகுதான் எத்தனை என்று தெரிந்தது. திங்கள் ஒன்பது. செவ்வாய் பதினான்கு. நேரத்தை எழுதுவதே ஒரு வேலையாகிவிட்டது. லிஃப்ட் கூண்டின் தலைமேல் உட்கார்ந்து கயிற்றுக்கு எண்ணெய் போடுகிறபோது அடிக்கும். கையைத் துடைத்து, போனை எடுத்து, வெறும் மூச்சைக் கேட்டு, வைத்து, நோட்டை எடுத்து, பென்சிலைத் தேடி... நோட்டின் பக்கமெல்லாம் எண்ணெய்க் கைரேகை. ஒரு வாரம் கழித்து நிலையத்தில் கொண்டுபோய்க் காட்டினாள். அதிகாரி முறையான புகாராக எழுதி வாங்கிக்கொண்டு, மேலிடத்துக் கையெழுத்து வரக் கொஞ்சம் நாளாகும், எழுதுவதை நிறுத்தாதீர்கள் என்றார்.

தொந்தரவு என்பது போன் அடிக்கிற நேரத்தோடு போவதில்லை. அடிக்காத நேரத்திலும் அது கூடவே இருந்தது. சாப்பிடும்போது கை போன் பக்கமே இருக்கும். வேறு யாருடைய போன் அடித்தாலும் தன் பையைத் தடவிப் பார்ப்பாள். பேச்சு குறைந்தது. கணவர் ஏதாவது கேட்டால் வெடுக்கென்று விழுந்தாள். அவர் பாத்திரங்களைத் தானே கழுவி அடுக்கிவிட்டுப் போவார்.

நோட்டு போட்ட மூன்றாவது வாரத்தில் அது நடந்தது. அன்று மத்தியானத்துக்குள் பதினேழு அழைப்பு வந்திருந்தது. அவள் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் கதவுச் சங்கிலியைக் கழற்றிப் பரப்பியிருந்தாள். பதினெட்டாவது அழைப்பு. எண் இல்லை. திரையைப் பார்த்தாள், போனைக் கவிழ்த்து வைத்தாள். நின்றது. மறுபடி அடித்தது. அதையும் விட்டாள். அந்தப் பதினோரு வருடத்தில் அவள் தெரிந்தே எடுக்காமல் விட்ட அழைப்புகள் அந்த இரண்டும்தான்.

அரை மணி நேரம் கழித்து மேனேஜர் கத்திக்கொண்டே அழைத்தார். எண் திரையில் விழாத அந்த இரண்டு பெரிய கட்டடங்களில் ஒன்றில், நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில், ஒரு அம்மா மாட்டிக்கொண்டிருந்தார். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனியாக இருப்பவர். அவள் போட்டது போட்டபடி ஓடிப்போய், ஐம்பதாவது நிமிடத்தில் கதவைத் திறந்தபோது, அவர் காய்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வேர்வை. மற்றபடி ஒன்றும் ஆகவில்லை. கையைப் பிடித்துத் தூக்கி வெளியே கொண்டு வந்தாள். அவர் கோபப்படவில்லை. இரண்டு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு அவளைப் பார்த்துச் சொன்னார்:

"ரெண்டு தடவை அடிச்சேன். நீங்க எடுக்கவே இல்லையேம்மா."

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. வேனுக்குள் போய் உட்கார்ந்து, ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தாள். அழைக்கிறவனை அதுவரை அவள் ஒரு கொசு மாதிரிதான் நினைத்திருந்தாள். அன்றிலிருந்து அப்படி நினைக்க முடியவில்லை.

மறுநாள் காலை போன் அடித்தபோது அவள் வேறு மாதிரி கேட்டாள். பேசவில்லை. கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் கொடுத்தாள். மூச்சு. நாற்காலி நகரும் சத்தம். தூரத்தில் யாரோ நடந்து போனார்கள். அப்புறம் ஒரு கதவு மூடப் போய், பாதியில் தயங்கிப் பின்வாங்கி, மறுபடி மூடியது. கிர்ர், டக், கிர்ர், டக் டக்.

அவள் கண்ணைத் திறந்தாள். அறுபத்து மூன்று லிஃப்டின் கதவுகளும் அவளுக்குச் சொந்தக்காரர்கள் குரல் மாதிரி. இந்தத் தயக்கம் ஒரே ஒரு கதவுக்குத்தான் உண்டு. ஆற்றோரத்தில் இருக்கும் பதினோரு மாடிக் கட்டடம், கீழ்த்தளக் கதவு. உருளை தேய்ந்துபோயிருக்கிறது, மாற்ற வேண்டும் என்று அவளே இரண்டு தடவை எழுதிக் கொடுத்திருந்தாள். அந்தக் கதவுக்கு நேர் எதிரே, ஆறடி தூரத்தில், காவலாளியின் மேசை இருக்கிறது.

அந்தக் காவலாளியை அவளுக்கு முன்பே தெரியும். நான்கு மாதத்துக்கு முன்தான் அங்கே வந்தார். அதற்கு முன் வேறொரு கட்டடத்தில் இருந்தார். ஐம்பத்தெட்டு, அறுபது வயதுக்காரர். ஆற்றோரக் கட்டடத்தில் முதல் தடவை பார்த்தபோது, "அட, நீங்க இங்கயா?" என்று அவள் கேட்டதற்கு, அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "உம்" என்றார். அவ்வளவுதான்.

விஷயம் தெரிந்ததும் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டார். "வா, போய் நேருக்கு நேர் நாலு வார்த்தை கேட்டுட்டு வந்துடுவோம்."

அவளுக்கும் கால் பரபரத்தது. ஆனால் போகவில்லை. கதவுச் சத்தம் தனக்கு நிச்சயம்தான், மற்றவர்களுக்கு அது வெறும் சத்தம். அவர் இல்லை என்று சாதித்தால் என்ன செய்வது? அவரே இல்லாமல் வேறு யாராவது அந்த மேசையில் உட்கார்ந்து அழைத்திருந்தால்? நோட்டை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனாள். அதற்குள் அதில் இருநூற்றுப் பதினான்கு வரிகள் சேர்ந்திருந்தன.

"கதவுச் சத்தத்தை வெச்சா கண்டுபிடிச்சீங்க?" என்றார் அதிகாரி. "எங்க ஆளுங்களுக்கு நீங்க வகுப்பு எடுக்கலாம் போல." பிறகு குரலைத் தாழ்த்தி, "அங்க போய் எதுவும் கேட்டுடலையே?" என்றார். இல்லை என்றதும் தலையாட்டினார். தபால் அம்மா மாட்டிக்கொண்ட கதையைக் கேட்டதும் எழுந்து உள்ளே போனார். இத்தனை நாள் வராத கையெழுத்து அன்றே வந்தது. ஒன்பதாம் நாள் போன் கம்பெனியிலிருந்து பதிலும் வந்தது. இருநூற்றுப் பதினான்கும் ஒரே எண். அந்தக் காவலாளியின் எண்.

நிலையத்தின் பின்பக்க அறையில் மூன்று நாற்காலி. காவலாளி வேலைச் சட்டையோடேயே வந்திருந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து அதன் விளிம்பையே தடவிக்கொண்டிருந்தார். மறுக்கவில்லை. அதிகாரி பட்டியலை நீட்டியபோது, எத்தனை என்று பார்த்து அவரே திகைத்துப்போனார்.

"இவ்வளவா?" என்றார்.

"ஏன் பண்ணினீங்க?" என்று அதிகாரி கேட்டார். அவர் லிஃப்ட் அக்காவைப் பார்த்துதான் பதில் சொன்னார்.

"அந்தப் பழைய கட்டடத்துல என் வேலையைப் போக்கினது நீங்கதானேம்மா."

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு மெல்ல ஞாபகம் வந்தது. அந்தக் கட்டடத்தில் மாடி மேலே லிஃப்ட் மோட்டார் அறைக்குள் போனபோது, மோட்டாருக்கு மேலே ஒரு கயிறு கட்டி நான்கு சட்டைகள் உலரப் போட்டிருந்தன. ஓடுகிற லிஃப்ட் கயிற்றுக்கும் தொங்குகிற சட்டைக் கைக்கும் ஒரு சாண் இடைவெளி. அவள் சட்டைகளை எடுத்து மடித்து வெளியே வைத்தாள். 'மோட்டார் அறையில் துணி உலர்த்தப்படுகிறது, உடனே நிறுத்த வேண்டும்' என்று அறிக்கையில் ஒரு வரி எழுதினாள். யாருடைய சட்டை என்று அவள் கேட்கவும் இல்லை, எழுதவும் இல்லை.

"மழைக்காலம். நான் தங்கியிருந்த ரூம்ல ஜன்னலே கிடையாது" என்றார் அவர். "ஈரச் சட்டையோட வேலைக்கு வந்தா அதுக்கும் திட்டு. மோட்டார் ரூம் சூடா இருந்துது, அங்க போட்டேன். அடுத்த வாரமே வீட்டுக்குப் போன்னுட்டாங்க. ஏழு மாசம் வேலை இல்லாம இருந்தேன்."

"அதுக்குப் பழி வாங்கினீங்களா?"

"முதல் நாள் திட்டணும்னுதான் அடிச்சேன். லிஃப்டுல ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்துத்தான். என்னென்ன கேக்கணும்னு எல்லாம் மனசுல ஓட்டி வெச்சிருந்தேன். இவங்க எடுத்ததுமே 'பயப்படாதீங்க'ன்னாங்க. வாய் அடைச்சுப் போச்சு. ஆறு நிமிஷம் எனக்குத் தைரியம் சொன்னாங்க. மறுநாளாவது கேட்டுடணும்னு அடிச்சேன், அன்னிக்கும் வரலை. அப்புறம்... பழக்கமாப் போச்சு. கோபம் வந்தாலும் அடிப்பேன், பொழுது போகலைன்னாலும் அடிப்பேன். இவங்க குரல்ல எரிச்சல் கேட்டா, ஒரு நிம்மதி."

 லிஃப்ட் அக்கா அவர் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை.

"அண்ணே, போன மாசம் ஒரு அம்மா ஐம்பது நிமிஷம் உள்ள மாட்டிக்கிட்டாங்க. எனக்கு ரெண்டு தடவை அடிச்சாங்க. நீங்கதான்னு நெனச்சு நான் எடுக்கலை. அவங்களுக்கு ஒண்ணும் ஆகலை. ஆகியிருந்தா என்ன பண்ணியிருப்போம், நீங்களும் நானும்?"

அவர் தலையைத் தூக்கினார்.  தன் அழைப்பால் வேறு யாராவது உள்ளே தவிக்கக்கூடும் என்று அவர் நினைத்தே பார்த்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"எனக்கு அது தோணவே இல்லம்மா" என்றார். "சத்தியமா தோணலை."

"அந்தச் சட்டை கயிறுல சிக்கியிருந்தாலும் இதேதான். உள்ள இருக்கறவங்க கதி என்னன்னு யாருக்குத் தெரியும்? இன்னிக்கு அந்த ரூமைப் பார்த்தாலும் அதே வரியைத்தான் எழுதுவேன். அதுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன். ஆனா உங்களை அனுப்பிட்டாங்கன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா உங்க கம்பெனிக்கு வந்து, துணி காயப்போட ஒரு இடம் குடுங்கடான்னு சண்டை போட்டிருப்பேன்."

அதிகாரி இரண்டு வழி சொன்னார். வழக்காகப் பதிந்து கோர்ட்டுக்கு அனுப்பலாம். அபராதம் வரும், அவருடைய கம்பெனிக்கும் தெரியவரும். இல்லையென்றால் செய்ததை ஒப்புக்கொண்டு, இனி செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கலாம். எழுத்தில் எச்சரிக்கை கொடுத்து கோப்பு நிலையத்திலேயே இருக்கும். இன்னும் ஒரே ஒரு அழைப்பு வந்தால் அது நேராகக் கோர்ட்டுக்குப் போகும். எது என்பதை, இந்த விஷயத்தில், புகார் கொடுத்தவர் சொல்வதையும் கேட்டுத்தான் முடிவெடுப்பார்கள்.

லிஃப்ட் அக்கா யோசித்தாள். அத்தனை அழைப்பையும் நிமிடமாகக் கூட்டிப் பார்த்தால் கொஞ்சம்தான், ஆனால் ஒரு மாதத்துக்கு மேலாக வீட்டில் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதையும் எங்காவது எழுதி வைக்க வேண்டும் என்று இருந்தது. இன்னொரு ஏழு மாதம் அந்த மனிதர் வேலையில்லாமல் இருப்பதையும் நினைத்தாள். "எழுதிக் குடுக்கட்டும்" என்றாள். "ஆனா புகாரைத் திரும்ப வாங்க மாட்டேன். அது கோப்புல இருக்கணும்."

"இருக்கும்" என்றார் அதிகாரி.

காவலாளி எழுதினார். கையெழுத்துப் போடும்போது பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழித்தது. போகும்போது வாசலில் நின்று, "மன்னிச்சிடும்மா" என்றார். அவள் "சரி" என்றாள். மன்னித்தாளா என்று அவளுக்கே அப்போது தெரியாது. அடுத்த மாதம் ஆற்றோரக் கட்டடத்துக்குப் போய்க் கதவு உருளையை மாற்றியபோது, அவர் கேட்காமலேயே ஏணியைப் பிடித்துக்கொண்டார். இருவரும் மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார்கள். அதற்குமேல் இருவருக்கும் தேவைப்படவில்லை.

மேனேஜரிடம் அவள் இந்தத் தடவை கேட்கவில்லை, சொன்னாள். எண்ணைத் தூக்கிக்கொண்டு ஒருத்தியே பதினோரு வருடம் அலைந்தது போதும். தனியாக ஒரு போன் வாங்கி, மூன்று மெக்கானிக்குகளும் முறை வைத்துக்கொள்ள வேண்டும். அறுபத்து மூன்று ஸ்டிக்கரும் மாற வேண்டும். "யோசிக்கலாம்" என்று அவர் ஆரம்பித்தபோது, "அந்த அம்மா ஐம்பது நிமிஷம் உள்ள இருந்தது போலீஸ் கோப்புல எழுதியிருக்கு சார்" என்றாள். அந்த வாரமே புது ஸ்டிக்கர் அச்சாகி வந்தது. இந்தத் தடவை பச்சை.

புது ஸ்டிக்கர்களை ஒட்டி முடிக்க எட்டு நாள் ஆனது. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை போன் இன்னொரு மெக்கானிக்கிடம் இருந்தது. அவள் காலை ஒன்பதே காலுக்கு எழுந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஆறு மணிக்கு மேல் தூங்கிப் பார்த்திராத கணவர், அதற்குள் இரண்டு தடவை வந்து மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். மூன்றாவது தடவை குனிந்தபோது அவள் கண்ணைத் திறந்தாள்.

"என்னங்க?"

"ஒண்ணும் இல்ல, தூங்கு" என்றார் அவர். "டீ போடலாமான்னு பார்த்தேன்."